மலையைக் காக்கப் போராடிய பாட்டி!

"கரிக்காக மலையை உடைக்காதே, காற்றில் மின்சாரம் எடு!"

ஆற்றிலே மீன்கள் செத்து மிதந்தன.

ஒன்று, இரண்டு அல்ல. கூட்டம் கூட்டமாகச் செத்து மிதந்தன!

அந்தத் தண்ணீரில் ஒரு சிறுவன் நின்றுகொண்டு இருந்தான். அவனுக்கு வயது 6. இரண்டு கைகளிலும் செத்த மீன்களை அள்ளி வைத்திருந்தான்.

"இந்த மீன்களுக்கு என்ன ஆயிற்று?" என்று அவன் கேட்டான்.

கரையில் நின்ற பாட்டி திடுக்கிட்டார். "வெளியே வா! தண்ணீரை விட்டு வெளியே வா!" என்று கத்தினார்.

அந்தப் பாட்டியின் பெயர் ஜூடி பாண்ட்ஸ்.

பேரன் கேட்ட அந்த ஒரு கேள்வி, அவருடைய வாழ்க்கையையே மாற்றிவிட்டது. ஓட்டலில் வேலை பார்த்து வந்த ஒரு சாதாரணப் பெண், பெரிய நிலக்கரிக் கம்பெனிகளை எதிர்த்து நிற்கும் வீராங்கனை ஆனார். அமெரிக்கா முழுவதும் அவர் பெயர் பரவியது.

அவர் கதை இது.

கரி ஆற்றின் கரையிலே...

அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் அப்பலாச்சியன் என்ற மலைத் தொடர் இருக்கிறது. மிகப் பழமையான மலை. காலத்தால் தேய்ந்து தேய்ந்து, உயரம் குறைந்துபோன மலை. ஆனால் மலை முழுவதும் அடர்ந்த காடு.

அந்த மலைகளுக்கு நடுவே இருப்பதுதான் மேற்கு வர்ஜீனியா மாநிலம். அங்கே ஓர் ஆறு ஓடுகிறது. அதன் பெயர் என்ன தெரியுமா? "கரி ஆறு"!

1742-ம் ஆண்டில் அந்த வழியாக வந்த வெள்ளைக்காரர்கள், ஆற்றோரத்தில் நிலக்கரி இருப்பதைக் கண்டார்கள். அதனால் ஆற்றுக்கே அந்தப் பெயர் வந்துவிட்டது.

மலைகளுக்கு இடையே உள்ள குறுகலான பள்ளங்களில் ஜனங்கள் வீடு கட்டி வாழ்ந்தார்கள். நடுவில் ஓர் ஓடை. ஓடையை ஒட்டி ஒரு பாதை. பாதையை ஒட்டிப் பத்து, இருபது வீடுகள். இதுதான் அவர்கள் ஊர். காட்டிலே கிழங்கு, கீரை, காளான் பறிப்பார்கள். ஓடையிலே மீன் பிடிப்பார்கள். ஆண்கள் சுரங்கத்துக்குள் இறங்கிக் கரி வெட்டுவார்கள்.

இப்படிப்பட்ட மார்போர்க் என்ற பள்ளத்தில் 1952-ம் ஆண்டு ஜூடி பிறந்தார். அவர் குடும்பம் தலைமுறை தலைமுறையாக அதே இடத்தில் வாழ்ந்த குடும்பம். அப்பா சுரங்கத் தொழிலாளி.

சுரங்கத்தில் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு நோய் வரும். கரித்தூள் மூச்சு வழியாக உள்ளே போய், நுரையீரலில் படிந்துவிடும். நாளாக ஆக மூச்சு விடவே முடியாது. அதற்குக் "கரி நுரையீரல் நோய்" என்று பெயர். ஜூடியின் அப்பா அந்த நோயால்தான் செத்தார்.

ஆகவே, நிலக்கரி என்றால் என்ன என்று ஜூடிக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியது இல்லை. அது அவர்களுக்குச் சோறு போட்டது. உயிரையும் வாங்கியது!

காசுக்குப் போன பூமி

"சொந்த ஊர், சொந்த நிலம். கம்பெனிக்காரனை உள்ளே விடாமல் தடுக்க வேண்டியதுதானே?" என்று நீங்கள் கேட்கலாம்.

அங்கேதான் சூழ்ச்சி இருக்கிறது.

நூறு ஆண்டுகளுக்கு முன்பு, அந்த மலைகளில் கம்பெனி ஏஜண்டுகள் வீடு வீடாகச் சென்றார்கள். "நிலம் உங்களுடையதாகவே இருக்கட்டும். உழுங்கள், வீடு கட்டுங்கள். பூமிக்கு அடியில் இருப்பதை மட்டும் எங்களுக்கு எழுதிக் கொடுங்கள்" என்றார்கள். பல இடங்களில் ஏக்கருக்கு அரை டாலர்தான் கொடுத்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாத பலர், பத்திரத்தில் கைநாட்டு வைத்தார்கள்.

அப்போது கரி எடுப்பது என்றால் மண்வெட்டி, கடப்பாரை, கழுதை வண்டிதான். பின்னால் மலையையே பெயர்க்கும் யந்திரங்கள் வரும் என்று யாருக்குத் தெரியும்?

பக்கத்து மாநிலமான கென்டக்கியில் 1965-ம் ஆண்டு ஒரு சம்பவம் நடந்தது. ஆலி கோம்ப்ஸ் என்று ஒரு விதவை. வயது 61. அவர் வீட்டுக்கு மேலே உள்ள மலைச்சரிவில் கரி எடுக்க புல்டோசர் வந்தது. கம்பெனியின் கையில் பத்திரம் இருந்தது. அந்த அம்மாளின் கையில் ஒன்றும் இல்லை.

அவர் என்ன செய்தார் தெரியுமா? நேராகப் போய் புல்டோசருக்கு முன்னால் படுத்துவிட்டார்!

போலீஸ்காரர்கள் வந்தார்கள். கையையும் காலையும் பிடித்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். அமெரிக்காவில் எல்லோரும் குடும்பத்தோடு உட்கார்ந்து விருந்து சாப்பிடும் நன்றித் திருநாளை, அந்த அம்மாள் சிறையில் கழித்தார். அந்தப் படம் பத்திரிகைகளில் வந்தது. பார்த்தவர்கள் பதறிப்போனார்கள்.

அந்தப் பழைய பத்திரங்களின் வலிமையைக் குறைக்க 1988-ம் ஆண்டு கென்டக்கி ஜனங்கள் ஓட்டுப் போட்டு, அரசியல் சட்டத்தையே திருத்தினார்கள். விதவையின் போராட்டத்துக்குப் பலன் கிடைக்க 23 ஆண்டுகள் ஆயின!

மலைக்குத் தலை வெட்டு

மேற்கு வர்ஜீனியாவில் அதைவிடப் பெரிய அநியாயம் காத்திருந்தது.

சாதாரணச் சுரங்கம் என்றால், மலையைக் குடைந்து உள்ளே போய்க் கரி வெட்டுவார்கள். மலை மலையாகவே இருக்கும். இது அப்படி அல்ல. மலையின் தலையையே வெட்டிவிடுவது!

அதை எப்படிச் செய்கிறார்கள்?

முதலில் மலை உச்சியில் உள்ள மரங்களை எல்லாம் அடியோடு வெட்டுவார்கள். பிறகு பாறையில் வரிசையாகத் துளை போடுவார்கள். துளைகளில் வெடிமருந்தைக் கொட்டி வெடிப்பார்கள். மலை பிளக்கும். பூமி அதிரும். கீழே உள்ள வீடுகளில் சுவர் விரிசல் விடும்.

உடைந்த பாறையை ராட்சத யந்திரங்கள் அள்ளும். அடியில் நிலக்கரி அடுக்கு தெரியும். அதை எடுத்துக்கொண்டு, மறுபடியும் வெடிப்பார்கள். இப்படி நூற்றுக்கணக்கான அடி உயரம் மலை குறைந்துவிடும்.

உடைத்த பாறையும் மண்ணும் எங்கே போகும்? பக்கத்துப் பள்ளத்தில்தான் கொட்டுவார்கள். பள்ளத்தில் ஓடுகிற ஓடை, மண்ணுக்குள் புதைந்துவிடும். இப்படிப் புதைந்துபோன ஓடைகளின் நீளம் மட்டும் ஏறத்தாழ 2,000 மைல் என்று அமெரிக்க அரசாங்கத்தின் சுற்றுச்சூழல் இலாகா கணக்கிட்டு இருக்கிறது.

அதோடு முடியவில்லை. வெட்டிய கரியைத் தண்ணீரில் கழுவுவார்கள். கழுவிய தண்ணீர், கருப்புக் குழம்பாக மாறும். அதைத் தேக்கிவைக்க மலை இடுக்கில் அணை கட்டுவார்கள். அந்த அணையிலே இருப்பது குடிக்கும் தண்ணீர் அல்ல. கரிச்சேறு!

இந்த முறையில் கம்பெனிக்கு என்ன லாபம்? ஆள் கூலி மிச்சம். ஆயிரம் பேர் செய்த வேலையை, சில யந்திரங்களும் கொஞ்சம் ஆட்களும் செய்துவிடலாம்.

1950-ல் மேற்கு வர்ஜீனியாவில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான சுரங்கத் தொழிலாளர்கள் இருந்தார்கள். 2000-ம் ஆண்டில் 20 ஆயிரம் பேர்கூட இல்லை. மலையும் போயிற்று, வேலையும் போயிற்று!

கடைசிக் குடும்பம்

ஜூடியின் ஊரான மார்போர்க் பள்ளத்திலும் கம்பெனி வந்து இறங்கியது.

வீட்டு ஜன்னலில் கரித்தூள் படிந்தது. வெடிச் சத்தத்தில் தூக்கம் போயிற்று. ஓடைத் தண்ணீர் நிறம் மாறியது. பிறகு ஒருநாள் மீன்கள் செத்து மிதந்தன. அந்தக் காட்சியைத்தான் தொடக்கத்தில் பார்த்தோம்.

அண்டை அயலார் ஒவ்வொருவராக வீட்டைக் காலி செய்துகொண்டு போனார்கள். கடைசியில் மிஞ்சியது ஜூடியின் குடும்பம் மட்டுமே. பேரனுக்கு ஆஸ்துமா. இனி அங்கே இருக்க முடியாது என்ற நிலை வந்தது. பாட்டன், பூட்டன் காலத்தில் இருந்து வாழ்ந்த இடத்தை விட்டு, கண்ணீரோடு வெளியேறினார்கள். மார்போர்க் பள்ளத்தை விட்டுப் போன கடைசிக் குடும்பம் அவர்களுடையதுதான்.

"நம் தலை எழுத்து!" என்று சொல்லிவிட்டு ஜூடி சும்மா இருக்கவில்லை.

1998-ம் ஆண்டு அந்தப் பகுதி மக்கள் சேர்ந்து ஒரு சங்கம் தொடங்கி இருந்தார்கள். "கரி ஆற்று மலைக் காவல்" என்பது அந்தச் சங்கத்தின் பெயருக்குப் பொருள். ஜூடி அங்கே போனார். முதலில் சும்மா உதவி செய்தார். பிறகு அதுவே முழுநேர வேலை ஆகிவிட்டது.

அவர் பெரிய படிப்புப் படித்தவர் அல்ல. ஓட்டலில் பரிமாறியவர், கடையில் வேலை பார்த்தவர். ஆனால் படிக்க ஆரம்பித்தார். சுரங்க உரிமங்களை வாசித்தார். அதிகாரிகள் கூட்டும் விசாரணைக்குப் போய்க் கேள்வி கேட்டார். "எத்தனை அடி வெட்டப்போகிறீர்கள்? மண்ணை எங்கே கொட்டுவீர்கள்? அணை உடைந்தால் எந்த வழியாக ஓடுவது?" என்று மடக்கினார்.

வீடு வீடாகச் சென்று ஜனங்களைத் திரட்டினார். மலைப்பாதைகளில் அளவுக்கு மீறிய பாரத்தோடு பறக்கும் கரி லாரிகளை எதிர்த்துக் குரல் கொடுத்தார். அந்த விஷயத்தில் சுரங்கத் தொழிலாளர் சங்கமும் அவர் பக்கம் நின்றது.

2003-ம் ஆண்டு அவருக்குக் கோல்ட்மன் பரிசு கிடைத்தது. இயற்கையைக் காக்கப் போராடும் சாதாரண மக்களுக்கு, ஒவ்வொரு கண்டத்துக்கும் ஒருவராகத் தேர்ந்தெடுத்துக் கொடுக்கும் பெரிய பரிசு அது. பரிசுத்தொகை 1,25,000 டாலர்! அதில் ஒரு பகுதியைத் தன் சங்கத்துக்கே கொடுத்துவிட்டார்.

பள்ளிக்கூடத்துக்கு மேலே கரி அணை

அந்தப் பகுதியில் மார்ஷ் போர்க் என்று ஓர் ஆரம்பப் பள்ளிக்கூடம் இருந்தது. சின்னக் குழந்தைகள் படிக்கும் பள்ளி.

பள்ளிக்கூடத்துக்கு மிக அருகில், கரியைச் சேர்த்துவைக்கும் உயரமான கொட்டடி நின்றது. அதற்கு மேலே, மலையில், கரிச்சேற்று அணை. அதன் கொள்ளளவு 280 கோடி காலன்! ஒரு காலன் என்பது நாலு லிட்டருக்குச் சற்றுக் குறைவு.

அணை உடைந்தால் என்ன ஆகும்?

அந்த ஊர் ஜனங்களுக்கு அது கற்பனை அல்ல. அதே மாநிலத்தில் நடந்ததை அவர்கள் மறக்கவில்லை. 1972-ம் ஆண்டு பிப்ரவரி 26-ந்தேதி காலை, பபலோ கிரீக் என்ற இடத்தில் கரிச்சேற்று அணை உடைந்தது. கருப்பு வெள்ளம் பள்ளத்தில் பாய்ந்து, ஊர் ஊராக அடித்துக்கொண்டு போனது. 125 பேர் செத்தார்கள். 4 ஆயிரம் பேர் வீடு இழந்தார்கள். கம்பெனிக்காரர்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? "அது தெய்வச் செயல்!" என்றார்கள்.

மார்ஷ் போர்க் பள்ளியில் படித்த ஒரு சிறுமிக்கு அடிக்கடி உடம்புக்கு முடியாமல் போனது. அவளுடைய தாத்தா எட் வைலி. அவர் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர்தான். ஒருநாள் பேத்தியை வீட்டுக்கு அழைத்துப்போகும்போது, இந்தக் கரியினால்தான் பிள்ளைகளுக்கு நோய் வருகிறது என்று அவள் சொன்னாள். தாத்தாவின் நெஞ்சில் அது ஈட்டியாகப் பாய்ந்தது.

அவர் மாநிலத் தலைநகருக்குப் போனார். "பள்ளிக்கூடத்தை வேறு இடத்தில் கட்டிக் கொடுங்கள்" என்று கேட்டார். பதில் இல்லை. புதுப் பள்ளிக்கூடம் கட்ட ஊர் மக்கள் சில்லறைக் காசாகச் சேர்த்தார்கள்.

2006-ம் ஆண்டு எட் வைலி நடக்கத் தொடங்கினார். தலைநகர் சார்ல்ஸ்டனில் இருந்து, அமெரிக்காவின் தலைநகரான வாஷிங்டன் வரை. 455 மைல்! ஏறத்தாழ 730 கிலோ மீட்டர்! மலை ஏறி, மலை இறங்கி, ஒவ்வொரு ஊரிலும் நின்று, குழந்தைகளின் கதையைச் சொல்லிக்கொண்டே நடந்தார். வாஷிங்டன் சென்று, தங்கள் மாநிலத்தின் மூத்த செனட்டரான ராபர்ட் பேர்டைச் சந்தித்து முறையிட்டார்.

உச்சியில் ஒரு மனிதர்

அதே வட்டாரத்தில் இன்னொரு வீரர் இருந்தார். அவர் பெயர் லாரி கிப்சன். குள்ளமான உருவம். குரல் மட்டும் இடி போல இருக்கும்.

கேபோர்ட் மலையில் அவர் குடும்பத்துக்குச் சுமார் 50 ஏக்கர் நிலம் இருந்தது. அவருடைய முன்னோர்களின் கல்லறைகளும் அங்கேதான் இருந்தன. கம்பெனி விலை பேசியது. கிப்சன் மறுத்துவிட்டார்.

சுற்றிலும் இருந்த மலைகளை கம்பெனி வெட்டித் தள்ளியது. சிறு வயதில் அவர் தன் வீட்டில் நின்று அண்ணாந்து பார்த்த சிகரங்கள் எல்லாம் மறைந்தன. கடைசியில், தாழ்வாக இருந்த அவர் நிலமே எல்லாவற்றையும்விட உயரமாகிவிட்டது! மொட்டைப் பாலைவனத்தின் நடுவே, பச்சைப் பசேல் என்று ஒரு தீவு போல அது நின்றது.

அவர் வீட்டை நோக்கித் துப்பாக்கியால் சுட்டார்கள். அவருடைய நாயைக் கொன்றார்கள். அவர் அசையவில்லை. வெளியூரில் இருந்து வருகிறவர்களை எல்லாம் தன் நிலத்தின் விளிம்புக்கு அழைத்துப்போய், கீழே நடப்பதைக் காட்டுவார். ஆயிரக்கணக்கானவர்கள் வந்து பார்த்தார்கள். பார்த்தவர்கள் வாய் அடைத்து நின்றார்கள்.

2012-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் லாரி கிப்சன் காலமானார். கடைசிவரை அவர் அந்த நிலத்தை விற்கவே இல்லை.

கன்னத்தில் அடி!

இவர்களைச் சுட்டதும் மிரட்டியதும் யார்? வெளியூர் ரவுடிகளா? அவர்கள் அல்ல என்பதுதான் வேதனை.

அதே ஊர்க்காரர்களிலேயே பலர் அவர்களை வெறுத்தார்கள். "இவர்கள் பேச்சைக் கேட்டுச் சுரங்கத்தை மூடிவிட்டால், எங்கள் அடுப்பு எப்படி எரியும்?" என்று கேட்டார்கள்.

அந்தக் கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. அங்கே வேறு தொழில் கிடையாது. கரி வேலையில்தான் நல்ல சம்பளம். அந்தச் சம்பளத்தில்தான் வீட்டுக் கடன், பிள்ளைகளின் படிப்பு எல்லாம். ஒரே வீட்டில் அண்ணன் ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம் என்று பிரிந்து நின்றார்கள்.

2009-ம் ஆண்டு ஜூன் 23-ந்தேதி மார்ஷ் போர்க் பள்ளிக்கூடத்தின் அருகே ஒரு பெரிய போராட்டம் நடந்தது. பூமி சூடாகி வருகிறது என்று எச்சரித்த விஞ்ஞானி ஜேம்ஸ் ஹான்சன் வந்திருந்தார். சினிமா நடிகை டாரில் ஹானா வந்திருந்தார். முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் கென் ஹெக்லரும் வந்திருந்தார். அவருக்கு அப்போது வயது 94! சுமார் 30 பேர் கைதானார்கள்.

எதிர்க்கட்சியாகச் சுரங்கத் தொழிலாளர்களும் அவர்கள் குடும்பத்தாரும் திரண்டு நின்றார்கள். ஒரே கூச்சல்.

அப்போது கூட்டத்தில் இருந்து ஒரு பெண் பாய்ந்து வந்தாள். ஜூடியின் கன்னத்தில் ஓங்கி அறைந்துவிட்டாள்!

சுரங்கத் தொழிலாளியின் மகளான ஜூடியை அடித்தது, சுரங்கத் தொழிலாளர் கூட்டத்தில் இருந்து வந்த ஒரு பெண். இருவருக்கும் அதே மலைதான் ஊர்.

ஜூடி பின்வாங்கவில்லை.

காற்று இருக்கிறதே!

"வேண்டாம், வேண்டாம் என்று மட்டும் சொன்னால் போதுமா? வேலைக்கு வழி என்ன?" இந்தக் கேள்விக்கு ஊர் மக்கள் பதில் தேடினார்கள். பதில் அவர்கள் தலைக்கு மேலேயே இருந்தது.

காற்று!

கரி ஆற்று மலையின் உச்சியில் நல்ல வேகத்தோடு காற்று அடிக்கிறது. உச்சியில் காற்றாலைகளை நட்டால் மின்சாரம் எடுக்கலாம். இதைச் சும்மா வாயால் சொல்லவில்லை. நிபுணர்களை வைத்துக் கணக்குப் போட்டார்கள். 2008-ம் ஆண்டு அறிக்கை வந்தது.

மலையில் 164 காற்றாலைகள் வைக்கலாம். 328 மெகாவாட் மின்சாரம் எடுக்கலாம். 70 ஆயிரம் வீடுகளுக்கு விளக்கு எரியும்!

வரிக் கணக்கையும் பார்த்தார்கள். காற்றாலைகள் வந்தால், மாவட்டத்துக்கு ஆண்டுதோறும் 17 லட்சம் டாலர் வரி கிடைக்கும். அந்த மலையில் வெட்டும் கரியில் இருந்து மாவட்டத்துக்கு வரும் பங்கு எவ்வளவு? ஆண்டுக்கு 36 ஆயிரம் டாலர்தான்!

இன்னொரு வித்தியாசமும் இருக்கிறது. கரி எடுக்க எடுக்கத் தீர்ந்துபோகும். தீர்ந்த பிறகு கம்பெனி மூட்டை கட்டிக்கொண்டு போய்விடும். காற்று தீருமா? பேரன் காலத்திலும் அடிக்கும்; பேரனுக்குப் பேரன் காலத்திலும் அடிக்கும்.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. மலை உயரமாக இருக்க வேண்டும். உச்சியை வெடிவைத்துத் தகர்த்துவிட்டால், அந்த வேகக் காற்று கிடைக்காது. "முதலில் கரியை எடுத்துக்கொள்கிறோம், பிறகு காற்றாலை வைத்துக்கொள்ளுங்கள்" என்ற பேச்சுக்கு இடமே இல்லை. கரியா, காற்றா? இரண்டில் ஒன்றுதான்!

இந்தத் திட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, கவர்னரிடம் மனு கொடுத்தார்கள். ஊர் ஊராகப் பிரசாரம் செய்தார்கள்.

மலை யாருடையது? நிலக் கம்பெனிகளுடையது. அவர்கள் அதைக் கரிக் கம்பெனிக்குக் குத்தகைக்கு விட்டிருந்தார்கள். மலையடியில் வாழும் மக்களின் சம்மதம் வேண்டும் என்று சட்டத்தில் இல்லை. 2009-ம் ஆண்டு இறுதியில் கரி ஆற்று மலையில் வெடிச் சத்தம் கேட்டது.

மக்கள் கேட்ட காற்றாலைகள் அந்த மலையில் எழவே இல்லை.

29 உயிர்கள்

2010-ம் ஆண்டு ஏப்ரல் 5-ந்தேதி. அதே ஆற்றுப் பள்ளத்தாக்கில் உள்ள ஒரு சுரங்கத்துக்குள் பயங்கரமான வெடி விபத்து நடந்தது. பூமிக்கு அடியில் வேலை செய்துகொண்டு இருந்த 29 தொழிலாளர்கள் மாண்டார்கள்.

40 ஆண்டுகளில் அமெரிக்கா கண்ட மிகப் பெரிய சுரங்க விபத்து அது. பாதுகாப்பு விதிகளைக் கம்பெனி அலட்சியம் செய்ததுதான் காரணம் என்று விசாரணையில் வெளியாயிற்று. கம்பெனியின் தலைவருக்கு ஓராண்டு சிறைத்தண்டனை கிடைத்தது.

இறந்தவர்களுக்காக ஊரே அழுதது. கரிக்கு ஆதரவாக நின்ற வீட்டிலும் சாவு. எதிர்த்து நின்றவர்களின் உறவிலும் சாவு. தொழிலாளியின் உயிரும் மலையைப் போலத்தான் கம்பெனிக்கு மலிவாக இருந்தது என்று பலரும் அப்போது உணர்ந்தார்கள்.

பாட்டியின் கனவு

ஜூடி பாண்ட்சுக்கு ஒரு கனவு உண்டு. மலை ஜனங்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு, வாஷிங்டன் நகருக்குச் சென்று ஊர்வலம் போக வேண்டும். பட்டணத்து ஜனங்கள் தங்களைத் திரும்பிப் பார்க்க வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டார்.

2010-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் அந்தக் கனவு பலித்தது. மலை நாட்டில் இருந்து வந்தவர்கள் வாஷிங்டன் வீதிகளில் ஊர்வலம் சென்றார்கள். ஜனாதிபதி மாளிகைக்கு முன்னால் 100 பேருக்கு மேல் கைதானார்கள்.

ஆனால், அதைக் காண ஜூடி வரவில்லை. அவருக்குப் புற்றுநோய்! படுக்கையில் இருந்தார்.

2011-ம் ஆண்டு ஜனவரி 3-ந்தேதி ஜூடி பாண்ட்ஸ் கண்ணை மூடினார். வயது 58.

அவர் இறந்து 10 நாள் ஆயிற்று. ஜனவரி 13-ந்தேதி ஒரு செய்தி வந்தது. மேற்கு வர்ஜீனியாவில் ஸ்புரூஸ் என்ற இடத்தில், 2 ஆயிரம் ஏக்கருக்கு மேல் மலையை வெட்டக் கொடுத்திருந்த அனுமதியை, அமெரிக்க அரசாங்கம் ரத்து செய்துவிட்டது! கம்பெனி வழக்குப் போட்டது. கடைசியில் அரசாங்கமே ஜெயித்தது.

இன்னும் 10 நாள் இருந்திருந்தால், அந்தச் செய்தியை ஜூடி கேட்டிருப்பார்!

புதிய பள்ளிக்கூடம்

எட் வைலி நடந்த நடை வீண் போகவில்லை. 2013-ம் ஆண்டு, கரிச்சேற்று அணைக்கு அப்பால், பத்திரமான இடத்தில் புதிய மார்ஷ் போர்க் பள்ளிக்கூடம் திறந்தார்கள். குழந்தைகள் அணையின் நிழலை விட்டு வெளியே வந்தார்கள்.

நாட்டிலும் நிலைமை மாறியது. 2008-ம் ஆண்டு அமெரிக்காவின் மின்சாரத்தில் ஏறத்தாழ பாதி, நிலக்கரியில் இருந்து வந்தது. 2023-ல் அது ஆறில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. மலிவான இயற்கை வாயு ஒரு காரணம். காற்றும் வெயிலும் இன்னொரு காரணம். 2024-ம் ஆண்டில் காற்றிலும் வெயிலிலும் எடுத்த மின்சாரம், நிலக்கரி மின்சாரத்தையே மிஞ்சிவிட்டது!

கென்டக்கியில் பென்ஹாம் என்ற ஊரில் நிலக்கரிப் பொருட்காட்சிசாலை ஒன்று இருக்கிறது. சுரங்க விளக்கு, மண்வெட்டி, தொழிலாளர்களின் தொப்பி எல்லாம் அங்கே இருக்கின்றன. 2017-ம் ஆண்டு அந்தக் கட்டிடத்தின் கூரையில் 80 சூரியத் தகடுகளைப் பொருத்தினார்கள். எதற்கு? கரண்ட் செலவை மிச்சப்படுத்தத்தான்!

கரிக்குக் கோவில் கட்டியவர்களே, விளக்கு எரிய வெயிலை நாடிவிட்டார்கள்.

ஆனாலும், வெட்டிய மலை திரும்பி வராது. புதைந்த ஓடை மறுபடியும் ஓடாது. சுரங்க வேலையை இழந்தவர்களுக்கு மாற்று வேலை கிடைத்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. இரண்டு கடனும் இன்னும் தீரவில்லை.

ஜூடி பாண்ட்சுக்குப் பட்டம் இல்லை, பதவி இல்லை, பணம் இல்லை. அவரிடம் இருந்தது ஒரு கேள்விதான். அதுவும் ஆறு வயதுப் பையன் கேட்ட கேள்வி.

"இந்த மீன்களுக்கு என்ன ஆயிற்று?"

பெரியவர்கள் பலர் பதில் சொல்லாமல் நழுவிவிடும் கேள்வி அது. அந்தப் பாட்டி நழுவவில்லை. பதில் தேடிப் போனார். அதனால்தான் இன்றும் அந்த மலையடி மக்கள், அவர் பெயரைச் சொல்லி நிமிர்ந்து நிற்கிறார்கள்.